லொறிக்காரன் பாட்டின் மூன்றாவது வரி

என் குறிப்பேட்டில் இருபத்தெட்டாம் இலக்கத்துக்கு நேரே ஒரு நாள் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். திருகோணமலையில் முப்பத்தொரு வருடம் மழைமானி பார்த்தவன் நான். காலை எட்டரைக்கு, மழை பெய்திருந்தால் அளவு, பெய்யாவிட்டால் பூச்சியம். வெற்றிடம் மட்டும் விடக்கூடாது. ஓய்வு பெற்று ஆறு வருடமான பிறகு, அந்தக் குற்றத்தை மொன்றியலில் செய்தேன். காரணம் ஒரு பாட்டும் ஒரு தட்டுப் புட்டும்.

பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. மழையில் ஒரு லொறி நின்றுபோகிறது. சாரதி வழியோரக் குடிக்கடைக்குள் நுழைகிறான். இன்னும் ஒரு கோப்பை ஊற்று, விளக்கை அணைத்துவிடாதே, அவள் வந்தாலும் வருவாள் என்று கடைக்காரனிடம் சொல்கிறான். எல்லாச் சரணத்திலும் குடிக்கிறான். அவள் வரவில்லை. லொறியும் கிளம்பவில்லை. பத்து வயதில் வானொலியின் நேயர் விருப்பத்தில் இதைக் கேட்டேன். மழை வந்ததாலோ என்னவோ, மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒருவர் பாடியதை இன்னொருவர் தன் குரலில், தன் ஊருக்கு ஏற்றபடி பாடினால் அதை நான் மறுபாடல் என்று எழுதிக்கொள்வேன். லொறிக்காரன் பாட்டுக்கு என்னிடம் இருபத்தேழு மறுபாடல்கள் இருந்தன. ஜெர்மன் மொழியில் லொறி கப்பலாகிவிட்டது. ஒரு பெண் பாடகி கடைக்காரியாக மாறி, அவன் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டு, கடைசிச் சரணத்தில் கடையைப் பூட்டுகிறாள். எங்கள் ஊர்த் துறைமுகக் கிளப்பில் பைலா என்ற துள்ளிசை வாசிக்கும் ஒரு கோஷ்டி அதை வாசித்த வேகத்தில், லொறி பழுதாகி நின்றது என்று நம்பவே முடியாது. கொழும்பில் ஒரு பல்வைத்தியரின் காத்திருப்பு அறையில் சொல்லே இல்லாமல் புல்லாங்குழலில் கேட்டேன், அது இருபத்திரண்டு. யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால்தான் இலக்கம் கொடுப்பேன். பல்வைத்தியரின் தாதியிடம் இசைத்தட்டு உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் பல்லைப் பிடுங்கவிட்டேன்.

இந்தப் பழக்கத்தால்தான் எனக்குக் கனடாப் பயணம் வாய்த்தது. பெரியம்மாவின் மகன் அன்ரன் அண்ணை மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கிறார். அங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் பாட்டுப் புத்தகக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே யார் எழுதியது, மெட்டு யாருடையது என்று அச்சிட வேண்டும். சினிமாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ எடுத்த மெட்டு என்றால் அந்தப் பாட்டை நீக்கிவிட வேண்டும் என்பது குழுவின் முடிவு.

"உனக்குத்தான் திகதி, வருசம் எல்லாம் தெரியும். வந்து பாத்துத் தா," என்றார் அண்ணை தொலைபேசியில்.

"அங்கே ஆட்களே இல்லையா?"

"இருக்கினம். ஆனா உள்ளூர் ஆள் வெட்டினா கோயில் ரெண்டாப் போயிடும். நீ வெட்டிப்போட்டு ஏறிப் போயிடுவாய்."

புதன்கிழமை மாலை வந்து சேர்ந்தேன். ஒக்டோபர் மாதம். மரங்கள் எல்லாம் நிறம் மாறியிருந்தன. அண்ணை அதைப் பெருமையாகக் காட்டினார், தானே சாயம் பூசியதுபோல. நான் பார்த்தது வானத்தை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு ஜாம் போத்தல் கேட்டு வாங்கி, பின்வளவில் மரநிழல் படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

"எடேய் தம்பி, இஞ்சை சனம் போனைப் பாத்துத்தான் மழை பெய்யுது எண்டு நம்பும். நீ போத்தில் வைக்கிறாய்," என்றார் அண்ணை.

அண்ணையின் மகள் நத்தாலி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். பாட்டுக்குழுவிலும் பாடுகிறாள். என்னோடு தமிழிலும், தகப்பனோடு ஆங்கிலத்திலும், தொலைபேசியோடு பிரெஞ்சிலும் பேசினாள். "சித்தப்பா, போத்திலுக்கை அணில் தண்ணி குடிச்சா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் காகம் குடித்தால் என்ன செய்வது என்று ஒரு சுற்றறிக்கையே இருந்தது. அணிலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை மழை பூச்சியம். பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அச்சுப்பிரதியைப் பார்த்தேன். இரண்டு பாட்டு அப்பட்டமான சினிமா மெட்டு, வெட்டினேன். வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் நான்கு தொலைபேசி அழைப்பு வந்தது. அண்ணை ஒவ்வொருவருக்கும், "நான் என்ன செய்ய, வெளிநாட்டிலையிருந்து வந்த ஆள் சொல்லிப்போட்டார்," என்று பதில் சொன்னார். கனடாவில் இருந்துகொண்டு திருகோணமலையை வெளிநாடு என்று அவர் சொன்னதை நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்குக் கோயில் நிலவறை மண்டபத்தில் பாட்டுப் பயிற்சி. ஊரில் பயிற்சி என்றால் சைக்கிளில் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். இங்கே எல்லாரும் காரில் வந்து, ஐந்து நிமிடம் கோட்டைக் கழற்றி, பிறகு காரை எங்கே விட்டோம் என்பதைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார்கள். நாற்பத்தோராவது பாட்டு ஆரம்பமானது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது பாடுவது. 'என் கிண்ணத்தை நிரப்பும், விளக்கை அணையவிடேன், மணவாளன் வரும் நேரம்' என்று தொடங்கியது.

முதல் வரி முடிவதற்குள் என் கால் தாளம் போட்டது. இரண்டாம் வரியில் உடம்பு சிலிர்த்தது. லொறிக்காரன் பாட்டு! குடிக்கடை மேசையில் இருந்த கோப்பை பீடத்தில் ஏறியிருந்தது. அந்தக் கடைக்காரனின் விளக்கு, மணவாளனுக்காகக் காத்திருக்கும் வேதாகமக் கன்னியர் கையில் எரிந்தது. வராமலே போன பெண் மணவாளனாகி வந்துகொண்டிருந்தாள். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு மகிழ்ச்சி கிடைப்பது அபூர்வம். மூன்றாவது வரி கீழே இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் எல்லோரும் மேலே போனார்கள். 'பாடுவோர் பிழை' என்று ஓரத்தில் குறித்தேன். மணி ஆறு பதினெட்டு.

யார் என்று பார்க்க அச்சுப்பிரதியைப் புரட்டினேன். 'சொல்லும் மெட்டும்: அமரர் மரியதாஸ் மாஸ்டர்' என்றிருந்தது.

"அவர்தான் என்ர மனுசன்," என்றது பக்கத்தில் ஒரு குரல். பிரிஜிற் அக்கா. எழுபத்தெட்டு வயது. மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பாட்டுக்குழுவில் அவருக்குப் பாடும் வேலை இல்லை. முன்வரிசையில் இருந்து, பிழைவிடுபவரைத் திரும்பிப் பார்க்கும் வேலை. "நீர்தானே வெட்டுற தம்பி? இதிலை கைவைச்சீரோ, கையை உடைப்பன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்று மில்லிமீற்றர் மழை. அணில் தலையீடு இல்லை.

அன்று காலைச் சாப்பாட்டுக்கு அக்கா என்னைத் தன் மகனின் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ பக்கம். அண்ணை காரில் இறக்கிவிட்டுப் போனார். புட்டும் மீன் குழம்பும். அது முடிந்ததும் இன்னொரு சுற்றுப் புட்டு வைத்து, அதன்மேல் ஒரு தகரத்திலிருந்து எதையோ ஊற்றினார். பார்க்கப் பனம்பாணி மாதிரி இருந்தது. பனம்பாணி இல்லை, இந்த நாட்டு மேப்பிள் மரத்துப் பாணி. பனையில் இருக்கும் இலேசான கசப்பு இதில் இல்லை, ஆனால் புட்டு இதையும் ஏற்றுக்கொண்டது. புட்டுக்கும் மறுபாடல் உண்டு என்று தெரிந்துகொண்டு மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

"எப்ப முதல் பாடினது எண்டு கேட்டீர் எல்லே? எங்கட மூத்தவனுக்கு ஞானஸ்நானம் குடுத்த வருசத்துத் திருநாளிலை," என்று வருடத்தையும் சொன்னார் அக்கா. "அவர் ஒரு ஞாயிறு பின்னேரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். என்ன எண்டு கேட்டன். மெட்டு ஒண்டு வந்திருக்கு எண்டார்."

"எங்கேயிருந்து வந்தது என்று சொன்னாரா?"

"மெட்டு எங்கையிருந்து வரும், தம்பி? மேலையிருந்துதான்."

நான் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குரலைத் தாழ்த்தினார். "அவற்றை கல்லறை அங்கை மன்னாரிலை. இவனுக்கு வேலை, வருசா வருசம் போகேலாது. பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, எண்டாலும் புத்தகத்திலை விரல் வைச்சுக் காட்டினா, இதுதான் உங்கட தாத்தான்ர பேர் எண்டு விளங்கும். இந்த நாட்டிலை அவற்றை பேர் எழுதியிருக்கிற இடம் அது ஒண்டுதான் இருக்கப்போகுது."

திங்கட்கிழமை புத்தகம் அச்சகத்துக்குப் போகிறது. நான் வாயைத் திறந்தால் அந்தப் பெயர் இல்லை. திறக்காவிட்டால், முந்தின நாள் இரண்டு பாட்டை வெட்டிய பேனைக்கு அர்த்தம் இல்லை.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. அமெரிக்கப் பாட்டுக்கு முன்பே மாஸ்டர் இதைப் பாடியிருந்தால்? என் நினைவு பிழையாக இருக்கலாம் அல்லவா? டவுன்டவுனில் பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்று உண்டு என்று நத்தாலி சொல்லியிருந்தாள். பஸ் ஏறினேன். பியர்பொன்ட்ஸ் பக்கத்துப் பஸ் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி விசாரித்துவிட்டுப் போவதுபோல வளைந்து வளைந்து போனது. பிறகு மெட்ரோ. பச்சைக் கோட்டுக்கு மாறியதும், மெட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டு எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்க, நான் மட்டும் இருந்தேன். ஒரு பெண் கதவருகே நின்று பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். ரயில் இதற்கு மேல் போகாது என்று சொல்லியிருப்பாள். நான் "மெர்சி" என்றேன். இறங்கிப் படியேறி, மறுபக்கம் வந்து, முழுக் கோட்டையும் திரும்பக் கடந்தேன். ஊரில் பஸ்ஸில் திசை மாறி ஏறினால் நடத்துநர் திட்டுவார். அந்தத் திட்டில் ஓர் அக்கறை இருக்கும். இங்கே சுவரில் மிகத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். யாரையும் குறைசொல்ல முடியாமல் போவது பெரிய தண்டனை.

இசைத்தட்டுக் கிடைத்தது. உறையின் பின்புறத்தில், கீழே, பொடி எழுத்தில் வருடம். அக்காவின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு ஆறு வருடம் முந்தியது. என் நினைவு ஒரு தடவையாவது பிழையாகியிருக்கக் கூடாதா?

துக்கத்தில் புத்தின் என்ற பெயரில் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். உருளைக்கிழங்குப் பொரியலைச் சூடாகத் தட்டில் போட்டு, மொறுமொறுப்பு அடங்குமட்டும் இறைச்சிக் குழம்பை ஊற்றி, மேலே பாற்கட்டித் துண்டு தூவியிருந்தார்கள். பொரித்ததை ஏன் நனைக்கிறார்கள் என்று யோசித்தபடியே முழுவதையும் முடித்தேன். வீட்டுக்கு வந்து அச்சுப்பிரதியில் 'மெட்டு: மரபு' என்று பென்சிலில் எழுதினேன். மரபு என்றால் யாருக்கும் தெரியாது என்று பொருள். எனக்குத்தான் தெரியுமே. அழித்தேன். இருபத்தெட்டு என்று குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் வெற்றிடம் விட்டேன்.

சனிக்கிழமை காலைப் பயிற்சி பத்து மணிக்கு. அதற்கு முன்பே அக்காவைத் தனியே பிடித்துச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, ஒன்பதரைக்கே போய் நின்றேன். அக்காவின் மகன் அவரைக் கொண்டுவந்து இறக்கியது பத்து மணி ஐந்துக்கு. பாட்டுக்குழு ஏற்கெனவே நாற்பத்தோராவது பாட்டைத் தொடங்கிவிட்டது. பங்குத்தந்தையும் அன்று வந்திருந்தார். அவரும் மன்னார்ப் பக்கத்தவர், நாற்பது வயதைத் தாண்டாதவர்.

இரண்டாம் வரியின்போது கதவைத் தள்ளிக்கொண்டு கோயில் பராமரிப்பாளர் மொசியு நொர்மான் உள்ளே வந்தார். கையில் வாளியும் தரை துடைக்கும் தடியும். அறுபது வயதிருக்கும், பெரிய வெள்ளை மீசை. வழக்கமாகப் பயிற்சி முடிந்த பிறகுதான் வருவாராம். அன்று மண்டபத்தில் வேறு வேலை இருந்ததால் முந்திவிட்டார். வாசலில் அப்படியே நின்றார். வாளியைக் கீழே வைத்தார். பிறகு தடியை ஒலிவாங்கிபோலப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பிரெஞ்சில் கூடப் பாடத் தொடங்கிவிட்டார்.

நல்ல கனத்த குரல். முதலில் இரண்டு பேர் நிறுத்தினார்கள், பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள். அவர் மட்டும் ஒரு சரணம் முழுவதும் பாடி முடித்து, கண்ணைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கைதட்டினார்.

"என்ன சொல்லுறார்?" என்றார் ஃபாதர்.

நத்தாலி மொழிபெயர்த்தாள். "அவற்றை அப்பான்ர பாட்டாம், ஃபாதர். அப்பா வடக்கிலை மரக்குத்தி ஏத்தின லொறி ஓட்டினவராம். கலியாண வீடு, செத்தவீடு எல்லாத்திலயும் இதைத்தான் பாடுவாராம். நீங்கள் எப்பிடி இதைப் படிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

"என்ன பாட்டு அது?"

நத்தாலி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "அது... பனியிலை லொறி நிண்டு போகுதாம். டிரைவர் பாருக்குள்ளை போய்க் குடிக்கிறாராம். பிரெண்டுக்காகப் பாத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிக் குடிக்கிறாராம்."

"பேந்து?" என்றார் அன்ரன் அண்ணை.

"கடைசியிலை அவ வாறாவாம். லொறியைத் தள்ளி விட்டிட்டுப் போறாவாம்."

இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் புதிது. இருபத்தேழு பாட்டில் ஒன்றிலும் அவள் வந்ததில்லை. கை தானாகப் பேனையைத் தேடியது. அதை அக்கா கண்டுவிட்டார்.

"தம்பி, உமக்கு இது முதலே தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"எப்ப இருந்து?"

"வியாழக்கிழமை ஆறு பதினெட்டிலிருந்து."

"அப்ப நேற்றைக்கு என்ர புட்டைச் சாப்பிடேக்கை?"

"தெரியும்."

"மூண்டாந்தரம் கேட்டு வாங்கேக்கையும்?"

"ஓம், அக்கா."

யாரோ சிரித்து அடக்கினார்கள். அக்கா சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்தார். "வெட்டுங்கோ அன்ரன். குடிகாரற்றை மெட்டு எண்டா வெட்டுங்கோ. களவெடுத்த ஆள் எண்டு அவற்றை பேர் வரக்கூடாது." கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகன் பன்னிரண்டு மணிக்குத்தான் காரோடு வருவார். வேறு போக வழியில்லை. ஆகவே படிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள வாங்கில், கோட்டின் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு, ஒரு நீண்ட பயணம் புறப்பட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அண்ணை அச்சுப்பிரதியில் சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு ஃபாதரைப் பார்த்தார். மொசியு நொர்மானுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. தன் பாட்டில் ஏதும் பிழையோ என்று நத்தாலியிடம் கேட்டுவிட்டு, உறுதிப்படுத்துவதற்காக இன்னொரு தடவை மெல்லப் பாடிப் பார்த்தார். மூன்றாவது வரியில் அவர் குரல் படிப்படியாக இறங்கி அடித்தளத்தைத் தொட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்கனும் இறங்கினான், ஜெர்மன்காரனும் இறங்கினான், பைலாக் கோஷ்டியும் பல்வைத்தியரின் புல்லாங்குழலும் இறங்கின. நான் பாடுவோர் பிழை என்று எழுதிய இடத்தில், முப்பது பேர் சேர்ந்து ஒரே மாதிரி, ஒரே உயரத்துக்கு ஏறினார்கள். பிழை அப்படி வரிசையில் நிற்காது.

வெளியே போய் வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, மூன்றாவது வரி ஏன் மேலே போகிறது?"

அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றினார்.

"உலகத்தில் வேறு யாரும் அதை மேலே பாடவில்லை. இருபத்தேழு பேரிடம் கேட்டுவிட்டேன்."

"கட்டை வேலை செய்யேல்லை," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"எந்தக் கட்டை?"

"கோயில் ஹார்மோனியத்திலை இடப்பக்கத்திலையிருந்து அஞ்சாங் கட்டை. கடற்காத்து பட்டு உள்ளுக்கிருந்த நாக்குக் களிம்பு பிடிச்சிட்டுது. அமத்தினாக் காத்துத்தான் வரும், சத்தம் வராது. அந்த வரியிலை கீழை போகேக்கை ஹார்மோனியம் ஊமையாகும், பிள்ளையள் எல்லாம் ஒவ்வொரு பக்கமாப் போகும். ரெண்டு கிழமை தலையிலை கைவைச்சுக்கொண்டு இருந்தார்."

"வேறு சுருதியில் வாசித்திருக்கலாமே?"

"அவருக்குத் தெரிஞ்சது ஒரு சுருதிதான். இஞ்சினியரே அவர்? கணக்கு மாஸ்டர்." இப்போது என்னைப் பார்த்தார். "ஒருநாள் கோபத்திலை, கீழை போகேலாட்டி மேலை போங்கோடா எண்டு பிள்ளையளைப் பேசினார். அதுகள் மேலை ஏறிட்டுதுகள். நல்லாயிருந்தது. பேந்து அப்பிடியே விட்டிட்டார்."

"அப்படியென்றால் அது அவருடைய வரி அக்கா."

"ஊமைக் கட்டையின்ரை வரி," என்றார். ஆனால் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

உள்ளே போய் ஃபாதரிடம் ஒரு உதவி கேட்டேன். பாட்டுக்குழு தமிழிலும், மொசியு நொர்மான் பிரெஞ்சிலும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். தொடங்கினார்கள். இரண்டு வரி ஒரே தெருவில் பக்கம் பக்கமாகப் போனார்கள். மூன்றாவதில் அவர் பள்ளத்தில் இறங்க, இவர்கள் மேட்டில் ஏறினார்கள். மொசியு நொர்மான் திகைத்து, பாதியில் நிறுத்தி, தலையை உயர்த்தி மேலே பார்த்தார், அந்தச் சத்தம் எங்கே போகிறது என்பதுபோல. மறுபடி பாடச் சொன்னார். மறுபடியும் நிறுத்தினார். மூன்றாம் தரம் ஒன்றும் பாடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

ஊமைக் கட்டையின் கதையைச் சொன்னேன். அக்கா வாசலில் வந்து நின்று, "ரெண்டு கிழமை இல்லை, மூண்டு கிழமை," என்று திருத்தினார்.

"விதி எண்டா விதி ஃபாதர்," என்றார் அன்ரன் அண்ணை. "முந்தநாள் ரெண்டு வெட்டினனாங்கள். அந்தச் சனம் என்னை விடுமே?"

"அந்த ரெண்டும் முழுசாத் தூக்கினது," என்றார் ஃபாதர். "இதிலை தூக்கினது எவ்வளவு, போட்டது எவ்வளவு எண்டு இப்ப கேட்டனாங்கள் எல்லே? உள்ளதை உள்ளபடி போடுவம். பாட்டு இருக்கட்டும்." பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்கள் எழுதுங்கோ."

நான் எழுதினேன்: 'மெட்டு: ஓர் அமெரிக்க லொறிக்காரன் பாட்டு. சொல்லும் மூன்றாவது வரியின் மெட்டும்: அமரர் மரியதாஸ் மாஸ்டர்.' அக்கா கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"லொறிக்காரனுக்குப் பின்னாலயோ அவற்றை பேர்? முன்னுக்குப் போடும்."

வரலாற்று வரிசைப்படி லொறிக்காரன்தான் முதல் என்றேன். "வரிசைப்படி எண்டா, வியாழக்கிழமையே எனக்கல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்?" என்றார். மாஸ்டரின் பெயரை முன்னுக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து இருபத்தெட்டின் வெற்றிடத்தை நிரப்பினேன். மொசியு நொர்மானின் அப்பாவுக்கு இருபத்தொன்பதைப் பென்சிலில் ஒதுக்கினேன். அவர் முதலில் எங்கே, எப்போது பாடினார் என்பது தெரியவில்லை. அதை நத்தாலி விசாரித்துத் தருவதாகச் சொன்னாள்.

ஞாயிறு மழை பூச்சியம். போத்தலைச் சுற்றிக் கால் தடம் இருந்ததால், 'சந்தேகத்துக்குரியது' என்று சேர்த்தேன். காலைப் பூசையில் நாற்பத்தோராவது பாட்டைப் பாடினார்கள். முன்வரிசையில் அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வரும்போது மொசியு நொர்மான் வழிமறித்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அதே நிலவறை மண்டபத்தில் இந்த ஊர்ப் பெரியவர்கள் கன்ட்ரி ஆட்டம் ஆடுவார்களாம். சனிக்கிழமை அவர் தரையைத் துடைக்க வந்தது அதற்காகத்தான். கட்டாயம் வர வேண்டும், அந்த அம்மாவும் வர வேண்டும் என்று நத்தாலி மூலம் சொன்னார்.

போனோம். அக்கா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். எழுபது வயதுப் பெண்கள் தொப்பியும் சப்பாத்துமாக, எங்கள் பாடசாலை உடற்பயிற்சிக் காட்சி மாதிரி வரிசை வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் குதியை நிலத்தில் தட்டினார்கள். சிரிப்பு மட்டும் வரிசைக்கு அடங்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர் ரோல்ஸைக் கடித்து, மிளகாயில் கண் கலங்கி, இரண்டாவதை எடுத்தார்.

"வயசுபோன நேரத்திலை இதுகளுக்கு இருக்கிற பலத்தைப் பாரும்," என்றார் அக்கா. "எங்கட ஆக்கள் கோயில் படியேறவே மூச்சு வாங்குதுகள்."

மொசியு நொர்மான் மேடையேறினார். வாளி இல்லாமல், கழுத்தில் ஒரு கிட்டார். லொறிக்காரன் பாட்டு. வரிசைகள் அசையத் தொடங்கின. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் ஒரு கணம் தயங்கினார். முன்வரிசைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு மேலே ஏறினார்.

குரல் பாதி வழியில் உடைந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்தார். காலம் காலமாக அந்த இடத்தில் கீழே இறங்கும் மெட்டுக்கு ஆடிப் பழகிய வரிசைகள் குழம்பி, நான்கைந்து பேர் பிழையான காலைத் தட்டி, ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர் அடுத்த சரணத்திலும் ஏறினார். இம்முறை குரல் உடையவில்லை.

அக்கா என் முழங்கையை இடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாற்பத்திரண்டு. குறிப்பேட்டைத் திறந்து, இருபத்தொன்பதுக்குக் கீழே 'முப்பது' என்று எழுதப் போனேன். அக்கா பேனைக்கு மேல் கையை வைத்துவிட்டார்.

"என்ன எழுதுறீர்?"

"முப்பதாவது மறுபாடல், அக்கா."

"லொறிக்காரன்ரை கணக்கிலயோ? அந்த ஆள் இப்ப பாடினது ஆரின்ரை வரி?"

யோசித்தேன். அவர் சொன்னது சரி. யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் என் கையில் இருந்தன. மரியதாஸ் மாஸ்டரின் பாட்டை வேறொருவர் தன் குரலில், தன் ஊருக்கு ஏற்றபடி பாடியது இதுதான் முதல் தடவை.

புதிய பக்கத்தைத் திருப்பி, மேலே மாஸ்டரின் பெயரை எழுதி, அதன் கீழே 'ஒன்று' என்று எழுதினேன்.